ஒற்று மிகும் இடம்

கேல்ஸ்பர்க்கில், பழைய ரயில் கிடங்கின் அடித்தளத்தில்,
மணிக்குப் பதினேழு டாலருக்கு
தாள்களைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் படமெடுக்கிறேன்.
பெட்டி நாற்பத்தொன்று. 1859.
எலி தின்றது போக மீதி.

கொலை எதுவும் இல்லை.
ரத்தம் என்று நான் எட்டிப் பார்த்தது
குண்டூசியின் துரு.
துப்பறிதல் என்ற தொழில் இந்த நாட்டில்
தவழ்ந்து திரிந்த நாட்களில்
அதற்குச் சோறு போட்டவை
முப்பது சென்ட், நாற்பது சென்ட் திருட்டுகள்:
காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுக்காமல்
இடது பையில் போட்டுக்கொள்ளும் கண்டக்டர்கள்.
அவர்களைப் பார்த்து வர
பயணி வேடத்தில் யாரையாவது ஏற்றிவிட்டார்கள்.

யாரையாவது என்றால், இங்கே, கெசையா வான்ஸ்.
வயது முப்பத்தொன்று. கணவன் காலராவில் போனவன்.
உருண்டை உருண்டையான கையெழுத்து,
மிளகைக் கொட்டியதுபோல்.

“அரோராவில் ஏறினேன். மூன்றாம் பெட்டி.
கண்டக்டர் ஹாஸ்கெல். செம்மீசை. இடது கால் சற்றே இழுக்கும்.
பன்றி வியாபாரியிடம் நாற்பது சென்ட். சீட்டு இல்லை.
எனக்கு ரொட்டி, ஆறு சென்ட்.
கையுறை தைக்க நூல், இரண்டு சென்ட்.”

நூலின் இரண்டு சென்ட்டை
சிவப்பு மசியில் யாரோ அடித்திருக்கிறார்கள்.

இப்படிப் பதினோரு நாள்.

என் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே
‘ஒற்று’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தனியாக வாய் திறக்க முடியாத எழுத்துக்கும்
அதே பெயர்தான் நம்மிடம்.
தலைமேல் ஒற்றைக் கண்.
சொல்லுக்கு முன்னால் நிற்க அதற்கு உரிமையில்லை.
இரண்டு சொல் நெருங்கி உட்கார்ந்தால்
நடுவில் வந்து நுழைந்துகொள்ளும்.
‘கதவைத் திற’ என்பதில் அந்த ‘த்’
கதவுக்கும் உறவில்லை,
திறக்கிற கைக்கும் உறவில்லை.

பிப்ரவரி பதினொன்று.
கெசையாவின் தாளில் ஒரே வரி:
“குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.”

சரிதான் என்று அடுத்ததைக் கவிழ்த்தேன்.
வேறு கை.
சாய்ந்த எழுத்து, அவசரமே இல்லாதது.
பெயருக்குப் பதில் ஓர் எண்.

“அதே பெட்டி. சாம்பல் தொப்பிப் பெண், நம்மவள், ஜன்னலோரம்.
மெண்டோட்டாவில் பனிக்குள்ளிருந்து ஒரு ஜெர்மன்காரி ஏறினாள்,
தோளில் காய்ச்சல் பிள்ளை.
ஹாஸ்கெல் அவளிடம் காசு கேட்கவில்லை.
இடது பையில் கைவிட்டு இருபது சென்ட் எடுத்து
பிள்ளையின் போர்வைக்குள் செருகினான்.
நம்மவள் பார்த்தாள்.
பென்சிலை எடுத்தாள். முனையை நாக்கில் தொட்டாள்.
பிறகு அதைக் கையுறைக்குள் வைத்துவிட்டாள்.
என் செலவு: காப்பி, மூன்று சென்ட்.”

காப்பிக் கணக்கை யாரும் அடிக்கவில்லை.

திருட்டுக் காசில் தர்மம்.
அதைப் பார்த்த கண்,
அந்தக் கண்ணைப் பார்த்த இன்னொரு கண்.
இவனுக்குப் பின்னிருக்கையில் எவன் இருந்தானோ,
அந்தத் தாளை எலி தின்றிருக்கலாம்.

பிறகு ஹாஸ்கெலுக்கு ஒரு வரி: நீக்கம், வழக்கு வேண்டாம்.
கெசையாவுக்கு அரை வரி:
ஆறு நாள் கூலி பிடித்தம்.
அதன்பின் பெட்டியில் அவள் இல்லை.
மெண்டோட்டாவில் இறங்கினாளா,
ஷிகாகோவில் யாருக்கோ சட்டை தைத்தாளா,
சொந்தக் காசில் நூல் வாங்கி,
தெரியாது. அந்தப் பிள்ளை பிழைத்ததா என்பதும்
எந்தத் தாளிலும் கிடையாது.

கேமராவின் விளக்கு மஞ்சளாகிவிட்டது.
ஒன்பது நிமிடமாக ஒரு பக்கமும் திருப்பவில்லையாம் நான்.
காரணம் எழுதச் சொல்லித் திரையில் ஒரு கட்டம்
திறந்து நிற்கிறது, மேலாளருக்குப் போகும்.

விரல்களைக் கொஞ்சம் ஊதிச் சூடேற்றிக்கொண்டு
தட்டினேன்:
குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.

பெட்டி நாற்பத்திரண்டு.
பன்றிகள், தலைக்கு எடை போட்டது.